தூக்குத் தண்டனை வழக்கில் மனநல அறிக்கை: கேட்கிற கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது

நேரம், இடம், ஆள் தெரிகிறது. கேட்ட கேள்விக்குப் பொருத்தமாகப் பதில் சொல்கிறார். தற்போது மனநோய் அறிகுறி எதுவும் இல்லை.

புறநோயாளிப் பிரிவில் வைத்துப் பார்த்து எழுதப்படும் மனநலச் சான்றிதழ் பெரும்பாலும் இந்த மூன்று வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். எழுதியவர் பொய் எழுதவில்லை. இரண்டு பக்கமும் எஸ்கார்ட் போலீஸ் நிற்க, தன் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தவரிடம் பார்க்க முடிந்ததை எழுதியிருக்கிறார். ஆனால் இந்த மனிதரைத் தூக்கில் போடலாமா என்று ஒரு நீதிபதி யோசிக்கும்போது அந்தத் தாள் எதற்கும் உதவாது. உதவாததோடு நிற்பதும் இல்லை. ‘ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று தப்பான திசையில் கையைக் காட்டிவிடும்.

குறை மருத்துவரிடம் மட்டும் இல்லை. அவருக்கு வந்த கடிதத்தைப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். மேற்படி நபரின் மனநிலையைப் பரிசோதித்துச் சான்று வழங்கவும். இவ்வளவுதான் இருக்கும். எந்தக் காலத்து மனநிலை, எதற்காகக் கேட்கிறார்கள் என்ற விவரம் இருக்காது.

மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் நிபுணரிடம் குறைந்தது ஐந்து கேள்விகள் வரலாம். விசாரணையைப் புரிந்துகொண்டு வக்கீலுக்கு விவரம் சொல்லும் நிலையில் ஆள் இருக்கிறாரா என்பது ஒன்று. அது இன்றைய நிலையைப் பற்றியது. குற்றம் நடந்த நேரத்தில் தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ தெரியாத அளவுக்குச் சித்தம் கலங்கியிருந்தாரா என்பது இரண்டாவது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 84, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 22 என்ற பிரிவு கேட்பது இதைத்தான். அந்த வாசல் மிகக் குறுகலானது. கடுமையான மனச்சிதைவு உள்ளவர்களில் பலரும்கூட அதன் வழியாக நுழைய முடியாது. மூன்றாவது கேள்வி, குற்றம் நிரூபணமான பிறகு தண்டனையைத் தீர்மானிக்கும்போது வருவது: இவர் யார், எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார், அவருடைய பொறுப்பின் அளவைக் குறைக்கும்படி அவர் மனதிலோ மூளையிலோ வாழ்க்கையிலோ ஏதாவது இருக்கிறதா? நான்காவது, திருந்தும் வாய்ப்பு உண்டா என்பது. ஐந்தாவது, தண்டனை விதித்த பிறகு, தூக்குக்குக் காத்திருக்கும் ஆண்டுகளில் ஆள் நோயில் விழுந்துவிட்டாரா என்பது.

மூன்றாவது கேள்விக்கு முதல் கேள்வியின் பதிலைக் கொண்டுவந்து ஒட்டுவதுதான் நம் நாட்டில் அடிக்கடி நடக்கிற பிழை. ‘விசாரணைக்குத் தகுதியானவர்’ என்ற சான்றிதழ், ‘தண்டனையைத் தணிக்கும் காரணம் ஏதும் இல்லை’ என்ற பொருளில் தீர்ப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

சட்டம் இதைவிட எவ்வளவோ அதிகம் கேட்கிறது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235(2), குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு தண்டனை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்றது. 354(3), மரண தண்டனை கொடுத்தால் அதற்குச் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்றது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவை 258(2), 393(3). தண்டனை மீதான இந்த விசாரணையை ஒரு சடங்காக முடித்துவிடக் கூடாது, குற்றவாளியின் வயது, படிப்பு, வீட்டுச் சூழல், மனநிலை ஆகியவை பற்றிய தகவல்களை வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று 1976-லேயே சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1980-இல் பச்சன் சிங் வழக்கு ‘அரிதிலும் அரிதான’ என்ற அளவுகோலைத் தந்தது. அந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பில் உள்ள தணிக்கும் காரணங்களின் பட்டியல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடுமையான மனக் கொந்தளிப்பிலோ உணர்ச்சிக் கொந்தளிப்பிலோ குற்றம் நடந்தது, வேறொருவரின் ஆதிக்கத்துக்கு உட்பட்டுச் செய்தது, மனக்குறைபாட்டால் தன் செயல் குற்றம் என்று உணரும் திறன் பழுதுபட்டிருந்தது என்று அந்தப் பட்டியலில் பாதி மனநலம் சார்ந்ததுதான். இன்னும் முக்கியமானது, ‘இவர் இனியும் சமூகத்துக்கு ஆபத்தாக இருப்பார், இவர் திருந்த மாட்டார்’ என்று சாட்சியத்தோடு நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்பின் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. ‘திருந்துவேன்’ என்று காட்ட வேண்டிய பாரம் கைதிக்கு இல்லை.

நாற்பது ஆண்டுகளாக இந்தப் பாரத்தை அரசுத் தரப்பு தூக்கிப் பார்த்த வழக்குகள் அபூர்வம். 2022 மே 20 அன்று மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற வழக்கில் நீதிபதிகள் யு.யு. லலித், ரவீந்திர பட், பேலா திரிவேதி அமர்வு இதற்கு ஒரு நடைமுறையை வகுத்தது. மரண தண்டனை வரக்கூடிய வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரின் மனநல, உளவியல் மதிப்பீட்டை அரசே செஷன்ஸ் நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். அதை முடிந்தவரை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும். வயது, சிறுவயதுக் குடும்பச் சூழல், வீட்டில் வன்முறையோ புறக்கணிப்போ இருந்ததா, இப்போதைய குடும்பம், படிப்பு, வறுமை, வேலை, வருமானம், பழைய வழக்குகள், மனநோய் வரலாறு எல்லாவற்றையும் திரட்ட வேண்டும். எதிர்த்தரப்புக்கு மறுத்துக்காட்ட வாய்ப்புத் தர வேண்டும். சிறை நடத்தை பற்றிய அறிக்கை வேண்டும். மேல்முறையீடு பல ஆண்டு கழித்து வந்தால் புதிய அறிக்கை வேண்டும். அதே ஆண்டில் விசாரணை நீதிமன்றங்கள் 165 பேருக்கு மரண தண்டனை விதித்தன. அவற்றில் 98.3 சதவீதம், தணிக்கும் சூழல்கள் பற்றிய எந்த ஆவணமும் முன்வைக்கப்படாமலே விதிக்கப்பட்டவை என்று டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் ப்ராஜெக்ட் 39ஏ என்ற ஆய்வுக் குழு தொகுத்த ஆண்டறிக்கை சொல்கிறது.

ஆக, ஒழுங்காகச் செய்தால் இந்த வேலை எப்படி இருக்கும் என்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வக்கீல்களும் இளம் உளவியலாளர்களும் சமூகப்பணியாளர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதங்களைப் பார்க்க வேண்டும். குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலம், கைதானபோது எடுத்த மருத்துவச் சோதனைக் குறிப்பு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ஓபி சீட்டுகள், சிறையில் ஒவ்வொரு கைதிக்கும் உள்ள ஹிஸ்டரி டிக்கெட், சிறை மருத்துவமனைப் பதிவேடு. கடைசியில் சொன்னதுதான் பல நேரம் எல்லாவற்றையும் திறந்துவிடும்.

ஒரு மருந்துப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோயின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும், அல்லது ‘தூக்கமின்மை’ என்று இருக்கும். ஆனால் மருந்துப் பத்தியில் ரிஸ்பெரிடோன் 4 மி.கி., அதோடு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் 2 மி.கி. என்று மாதக் கணக்கில் போய்க்கொண்டிருக்கும். முதலாவது மனப்பிறழ்வுக்கான மருந்து. இரண்டாவது, அதனால் வரும் கை நடுக்கத்தையும் உடல் விறைப்பையும் அடக்குவதற்குச் சேர்ப்பது. இந்த ஜோடியைத் தூக்கத்துக்காக யாரும் எழுத மாட்டார்கள். ஃப்ளூஃபெனசின் 25 மி.கி. ஊசி சில வாரங்களுக்கு ஒருமுறை போடப்பட்டிருந்தால் இன்னும் தெளிவு: மாத்திரையை ஒழுங்காக விழுங்க மாட்டார் என்று யாரோ ஒரு மருத்துவர் கணித்திருக்கிறார். நீதிமன்றத்துக்குப் போன சான்றிதழில் ‘மனநோய் இல்லை’ என்று இருக்கும். அதே ஆளுக்குச் சிறை மருந்தகம் மனச்சிதைவு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டு காகிதங்களும் சந்தித்ததே இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். க்வெட்டியாபின் போன்றவற்றைக் குறைந்த அளவில் வெறும் தூக்கத்துக்காகவும் கொடுப்பது உண்டு. எனவே மருந்தின் பெயரை மட்டும் பார்த்து நோயை முடிவு செய்யக் கூடாது. அளவு, எத்தனை மாதம், யார் தொடங்கினார், நிறுத்தியபோது என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும்.

சிறைக் கண்காணிப்பாளரின் அறிக்கையையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். ‘அமைதியானவர், யாரிடமும் வம்புக்குப் போவதில்லை, தனியாக இருப்பார்’ என்று எழுதியிருந்தால் வக்கீல் மகிழ்ந்துபோவார். நன்னடத்தைதானே! ஆனால் மனச்சிதைவில் மாயக் குரல்களும் சந்தேகங்களும் மட்டும் இல்லை. பேச்சு வற்றிப்போவது, முகத்தில் உணர்ச்சி மங்குவது, குளிக்கவும் சாப்பிடவும்கூட முனைப்பு இல்லாமல் போவது என்று இன்னொரு முகம் உண்டு. சத்தம் போடுகிறவரை வார்டர் உடனே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் யாருக்கும் தொந்தரவு தராத ‘நல்ல கைதி’. அவரை ஆண்டுக்கணக்கில் யாரும் கண்டுகொள்ளாமல் போவது இப்படித்தான்.

அடுத்தது நேர்காணல். ஒரே நாளில் முடிக்கிற வேலை அல்ல இது. குறைந்தது மூன்று நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை இரண்டு மணி நேரம், வெவ்வேறு நாளில் வேண்டும். காலை மருந்து போட்ட கிறக்கத்தில் ஒருநாள் பார்த்தால் இன்னொரு நாள் மாலையில் பார்க்க வேண்டும். விலங்கு அவிழ்த்திருக்க வேண்டும். வார்டர் பார்வைக்கு எட்டும் தூரத்தில் நிற்கலாம், காதுக்கு எட்டும் தூரத்தில் நிற்கக் கூடாது. சிறுவயதில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை வார்டர் கேட்க ஒரு மனிதன் சொல்லுவான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அது அன்று மாலைக்குள் பிளாக் முழுக்கப் பரவிவிடும் என்று அவனுக்குத் தெரியும். மொழி தெரியாத மாநிலத்தில் மாட்டிக்கொண்ட புலம்பெயர் தொழிலாளி என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரரை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. ‘மனச்சோர்வு உண்டா’ என்று கேட்டால் விளங்காது. நம் ஊரில் அந்தத் துயரம் ‘நெஞ்சு படபடங்குது’, ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘தலை கனமா இருக்கு’ என்று உடம்பின் வழியாகத்தான் பேசும்.

கேள்வி கேட்கிற விதத்தில் நிறைய இருக்கிறது. ‘தலையில் அடிபட்டிருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று வந்துவிடும். மாறாக, உடம்பில் உள்ள தழும்புகளை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். புருவத்துக்கு மேல் இருப்பது மாமரத்திலிருந்து விழுந்தது; எட்டு வயசிருக்கும். மண்டையின் பின்பக்கம் முடி முளைக்காத இடம், அப்பா கட்டையால் அடித்தது. நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம், வாந்தி எடுத்தாரா, காதில் ரத்தம் வந்ததா, அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் என்ன ஆனது? இப்படிக் கேட்டுப் போகும்போது ‘அஞ்சாவது வரைக்கும் நல்லாப் படிச்சான், அதுக்கப்புறம் சிடுசிடுன்னு ஆயிட்டான்’ என்று அம்மா தனியாகச் சொன்னதும் இதுவும் ஒரே ஆண்டில் வந்து சேரும். மூளையின் முன்மடல் பழுதுபட்டால் ஐக்யூ சாதாரணமாகவே இருக்கலாம். நேரமும் இடமும் நன்றாகவே தெரியும். கோபத்தை நிறுத்தும் பிரேக், பின்விளைவை யோசிக்கும் திறன், ஒரு வழி அடைபட்டால் வேறு வழிக்கு மாறுவது, இவைதான் போயிருக்கும். புறநோயாளிப் பிரிவுக் கேள்விகள் இதைத் தொடவே தொடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் நரம்பு உளவியல் சோதனைத் தொகுதி போன்றவற்றை, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர் பல மணி நேரம் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

குடும்பத்தாரிடம் பேசும்போதும் அப்படித்தான். ‘உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா?’ என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். ‘எந்தக் கோயிலுக்கு, எந்த தர்காவுக்குக் கூட்டிப் போனீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். குணசீலத்தில் 48 நாள் தங்க வைத்தது, ஏர்வாடியில் சித்தப்பாவை விட்டுவிட்டு வந்தது, மந்திரித்துக் கயிறு கட்டியது என்று மூன்று தலைமுறை வரலாறு வரும். தமிழ்நாட்டில் பல ஏழைக் குடும்பங்களின் மனநோய் ஆவணம் மருத்துவமனையில் இல்லை, அங்கேதான் இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால் ஒரே சாட்சியும் போய்விடும். எந்த ஆண்டு, எத்தனை நாள், எதைப் பார்த்துப் பயந்து கூட்டிப் போனார்கள் என்பதைப் பதிவு செய்து, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடமாவது சரிபார்க்க வேண்டும். அம்மா மகனைக் காப்பாற்றச் சொல்லுவாள் என்று நீதிமன்றம் சந்தேகப்படும். பழைய வாத்தியாரும் முன்னாள் முதலாளியும் சொன்னால் அந்தச் சந்தேகம் குறையும்.

அறிவுத்திறன் குறைபாடுதான் மிக எளிதாகத் தவறிப்போகிறது. நோய் மாதிரி அது சத்தம் போடாது. 2021-இல் ப்ராஜெக்ட் 39ஏ வெளியிட்ட ஆய்வில் 88 மரண தண்டனைக் கைதிகள் பங்கேற்றார்கள், 62.2 சதவீதம் பேருக்கு மனநோயும் 11 சதவீதம் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடும் இருந்தன. முதல் எண்ணைப் பற்றி ஒரு வாதம் வைக்கலாம்: தூக்குக்குக் காத்திருப்பதே மனதைச் சிதைக்கும், நோய் பிறகு வந்திருக்கலாம். இரண்டாவது எண்ணுக்கு அந்த வாதம் பொருந்தாது. அறிவுத்திறன் குறைபாடு வளரும் பருவத்திலேயே தொடங்குவது. அவர்கள் கைதானபோதும், வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்தபோதும், கூண்டில் நின்றபோதும் அது அவர்களோடுதான் இருந்தது.

ஏன் யாருக்கும் தெரியவில்லை? அவர்கள் அதை மறைத்தே பழகியவர்கள். எல்லாவற்றுக்கும் ‘ஆமா சார்’ என்பார்கள். ‘சாப்பாடு நல்லா இருக்கா?’ ஆமா சார். பத்து நிமிடம் கழித்து, ‘சாப்பாடு மோசம்தானே?’ ஆமா சார். இப்படி எதிரெதிர்க் கேள்வியைப் போட்டுப் பார்க்காத எந்த நேர்காணலிலும் அவர் ‘ஒத்துழைக்கிறார், பொருத்தமாகப் பதில் சொல்கிறார்’ என்றுதான் பதிவாவார்.

ஐக்யூ சோதனையில் வேறு சிக்கல்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மொழி சார்ந்த சோதனை வைத்தால் வருவது படிப்பின் அளவு, அறிவின் அளவு இல்லை. பாட்டியாவின் செயல் சோதனைத் தொகுதியை நம் மருத்துவமனைகளில் இன்னும் பயன்படுத்துகிறார்கள். அது 1950-களில் உத்தரப் பிரதேசச் சிறுவர்களை வைத்துத் தரப்படுத்தப்பட்டது. பழைய தர அளவுகளில் மதிப்பெண் கூடுதலாகத்தான் வரும். தலைமுறைக்குத் தலைமுறை சராசரி ஏறிக்கொண்டே போவதால் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.3 புள்ளி என்று கழிக்கிறார்கள். போதாததற்கு, எந்தச் சோதனையிலும் ஐந்து புள்ளி இப்படியோ அப்படியோ பிழை இடைவெளி உண்டு. 73 என்று வந்தால் உண்மை 68 முதல் 78 வரை எங்கும் இருக்கலாம். 70-இல் கோடு போட்டு, 71 வந்தால் தூக்கு என்று ஃப்ளோரிடா வைத்திருந்த விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஹால் வழக்கில் இதனால்தான் தள்ளியது. அங்கே 2002-ஆம் ஆண்டின் அட்கின்ஸ் தீர்ப்புக்குப் பிறகு அறிவுத்திறன் குறைபாடு உள்ளவரைத் தூக்கிலிட முடியாது. இந்தியாவில் அப்படித் திட்டவட்டமான தடை இல்லை. ஆகவே இங்கே அறிக்கையின் பாரம் இன்னும் கூடுகிறது.

எண்ணோடு நிறுத்தாமல் அன்றாட வாழ்வையும் கேட்க வேண்டும். தனியாக பஸ் மாறிப் பக்கத்து ஊருக்குப் போவாரா? நூறு ரூபாய் கொடுத்து 37 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று சொல்வாரா, இல்லை கடைக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவாரா? யார் வேலை சொன்னாலும் கூலி பேசாமல் செய்தாரா? சிறையில் இருப்பதை வைத்து இதை அளக்கவே கூடாது. மணி அடித்தால் சோறு, விசில் அடித்தால் வரிசை என்ற இடத்தில் யாரும் எதையும் தானாக முடிவு செய்ய வேண்டியதில்லை; எல்லோரும் சமர்த்தாகத் தெரிவார்கள்.

நடிக்கிறாரா என்ற கேள்வியை அரசுத் தரப்பு வக்கீல் கட்டாயம் கேட்பார், கேட்க வேண்டியதுதான். இதற்கென்று வெளிநாட்டில் உருவான சோதனைகளுக்கு நம் மக்களிடம் தரப்படுத்திய அளவு பெரும்பாலும் இல்லை. அதனால் நம்பக்கூடியது நீண்ட நாள் கவனிப்புதான். நடிப்பவர் அறிகுறிகளைக் காட்சிக்கு வைப்பார். மருத்துவர் போன பிறகு சீட்டு விளையாடுவார். நிஜமாகவே குரல் கேட்பவர் அதை ஒளிப்பார். சிறையில் ‘பைத்தியம்’ என்று பெயர் வாங்கினால் தனி செல், கேலி, அடி. நோயை மிகைப்படுத்துகிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இந்த இடத்தில் நோயை மறைப்பவர்களையும் அதே அளவுக்குத் தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வார்டரிடமும் பக்கத்து செல்காரரிடமும் சமையல்கட்டில் வேலை செய்பவரிடமும் கேட்டால் இரவு இரண்டு மணிக்கு ஆள் என்ன செய்கிறார் என்று தெரிந்துவிடும்.

‘இவர் மறுபடி கொலை செய்வாரா?’ என்ற கேள்விக்கு நிபுணர் ஆமென்றும் சொல்லக் கூடாது, இல்லையென்றும் சொல்லக் கூடாது. இதில் டெக்ஸாஸ் மாநிலம் பெரும் பாடம். அங்கே எதிர்கால ஆபத்து உண்டா என்று ஜூரிகள் தீர்மானிக்க வேண்டும். ஜேம்ஸ் கிரிக்சன் என்ற மனநல மருத்துவர் நூற்றுக்கும் மேற்பட்ட மரண தண்டனை வழக்குகளில் சாட்சி சொன்னார். சிலரை நேரில் பார்க்காமலே, வக்கீல் விவரித்த கற்பனைக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு ‘நிச்சயம் ஆபத்தானவர்’ என்றார். இப்படிப்பட்ட நீண்டகாலக் கணிப்புகள் மூன்றில் இரண்டு தவறாகிறது என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமே நீதிமன்றத்தில் சொன்னது. இருந்தும் 1983-இல் பேர்ஃபுட் வழக்கில் அந்தச் சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. சங்கம் 1995-இல் அவரை வெளியேற்றியது. அதற்குள் அந்தச் சாட்சியத்தின் பேரில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

நம்மூரில் இதே ஆபத்து ‘சமூக விரோத ஆளுமைக் கோளாறு’ என்ற முத்திரையாக வருகிறது. ஒரு கொலையை வைத்தே அந்த முத்திரையைக் குத்துகிறார்கள். பிறகு அந்த முத்திரையை வைத்தே கொலைக்கு விளக்கம் சொல்கிறார்கள். பதினைந்து வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு இருந்ததற்கு ஆதாரம் இல்லாமல் இந்த நோய்ப்பெயரை எழுதவே முடியாது. பள்ளிக்கூடத்து ஆளிடமோ பெற்றோரிடமோ பேசாத அறிக்கையில் அந்த ஆதாரம் எங்கிருந்து வரும்? எழுதிவிட்டால் நீதிபதி படிப்பது ‘திருத்த முடியாதவர்’ என்றுதான். சிறுவயதுக் கொடுமைகளும்கூட இப்படி இரண்டு பக்கமும் வெட்டும் கத்திதான். ஒருவர் அதைப் பொறுப்பைக் குறைக்கும் காரணமாகப் படிப்பார், இன்னொருவர் ‘கெட்டுப்போன ஆள், இனி ஆபத்து’ என்று படிப்பார். அதனால்தான் அறிக்கையில் துயரங்களை வெறுமனே அடுக்கக் கூடாது. எது எப்படி எதற்கு இட்டுச் சென்றது, எந்த இடத்தில் யாராவது கை கொடுத்திருந்தால் மாறியிருக்கும், இப்போது எதற்குச் சிகிச்சை உண்டு என்று கோத்துக் காட்ட வேண்டும்.

திருந்தும் வாய்ப்பை மனதைப் படம்பிடித்துச் சொல்ல முடியாது; நடந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். 2009-இல் கடலூர் மாவட்டத்தில் ஏழு வயதுக் குழந்தையைக் கடத்திக் கொன்ற வழக்கு நினைவிருக்கலாம். கொடூரமான குற்றம், அந்தப் பெற்றோரின் இழப்புக்கு எந்த அறிக்கையும் ஈடாகாது. 2023 மார்ச்சில் மறுசீராய்வில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை, குறைந்தது 20 ஆண்டு சலுகையில்லாத ஆயுள் தண்டனையாக மாற்றியது. தணிக்கும் சூழல்களை அதுவரை எந்த நீதிமன்றமும் உருப்படியாக விசாரிக்கவில்லை என்று சொன்னது. குற்றம் செய்தபோது வயது 23, முன்வழக்கு இல்லை, 2013-இல் தப்பிக்க முயன்றதைத் தவிரச் சிறை நடத்தை திருப்தி, சிறையிலேயே உணவுத் தயாரிப்பில் ஒரு டிப்ளமோ படித்திருக்கிறார் என்று கணக்கில் எடுத்தது. தப்பிக்க முயன்றதை மறைக்காமல் வைத்துத்தான் அந்தச் சித்திரம் வரையப்பட்டது என்பதைக் கவனியுங்கள். நல்ல மதிப்பீட்டறிக்கையும் அப்படித்தான் இருக்க வேண்டும். பாதகமானதை ஒளித்துவிட்டு எழுதினால் குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம் தாங்காது.

எப்போது எடுப்பது என்பதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. மதிப்பீடு தீர்ப்புக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும் என்று மனோஜ் தீர்ப்பு விரும்புவதன் காரணம் சரியானது: குற்ற காலத்து மனநிலைக்கு எவ்வளவு பக்கத்தில் பார்க்கிறோமோ அவ்வளவு தெளிவு கிடைக்கும். ஆனால் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாத ஒருவர், அரசு அனுப்பிய மருத்துவரிடம் அன்றிரவு நடந்ததைச் சொன்னால் அது எங்கே போகும்? தனக்கெதிராகச் சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3). அதனால் நேர்காணலின் முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று விஷயங்களை அவர் மொழியில் சொல்ல வேண்டும்: என்னை அனுப்பியது யார், என் அறிக்கை யார் கைக்குப் போகும், எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ‘டாக்டர்’ என்றதும் சிகிச்சைக்கு வந்தவர் என்று நினைத்துக் கொட்டிவிடுவார்கள். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்வது தவறு. அறிக்கையை உறையிலிட்டு, குற்றம் நிரூபணமான பிறகே திறக்கும்படி உத்தரவு கேட்பது வக்கீலின் வேலை. காலையில் குற்றவாளி என்று தீர்ப்பு, மாலையில் தூக்கு என்று ஒரே நாளில் முடிக்கும் வழக்கம் இருக்கும்வரை எந்த அறிக்கைக்கும் படிக்கப்படும் நேரம் கிடைக்காது. தண்டனை விசாரணைக்கு எவ்வளவு அவகாசம் தர வேண்டும் என்பதை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு 2022 செப்டம்பரில் அனுப்பியதும் இந்தக் குழப்பத்தால்தான்.

தண்டனைக்குப் பிறகு வரும் நோயைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு தெளிவு. 2014 ஜனவரியில் சத்ருகன் சௌகான் வழக்கில், பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு 15 பேரின் தூக்கை ஆயுளாக மாற்றியபோது, மனநோயும் தண்டனையைக் குறைக்கக் காரணம் என்று ஏற்றது. தூக்குக் கைதிகளின் மனநிலையைத் தொடர்ந்து பரிசோதிக்கவும் உத்தரவிட்டது. 2019-இல் ‘குற்றஞ்சாட்டப்பட்டவர் எக்ஸ்’ என்று பெயர் மறைக்கப்பட்ட மகாராஷ்டிர வழக்கு அதற்கு அளவுகோல் தந்தது. காத்திருப்பில் எல்லோர் மனமும் தளரும். அதனால் மனச்சிதைவு போன்ற தீவிர நோய் என்று நிரூபித்தால்தான் கணக்கு. நிரூபிக்கும் பாரம் இங்கே கைதியின் மேல். தொடர்ச்சியான சிகிச்சைப் பதிவு இல்லாதவர் எதை வைத்து நிரூபிப்பார்? மருந்துப் பதிவேட்டில் நோயின் பெயரை எழுதாமல் விட்ட அந்தக் காலியிடத்தின் விலை இங்கேதான் தெரியும்.

அறிக்கையைப் பற்றி இன்னும் ஒன்று. இருபது முப்பது பக்கம் எழுதினாலும் கடைசிப் பக்கத்தில் சிகிச்சைப் பரிந்துரை இருக்கும்: இந்த மருந்து தேவை, வலிப்புக்கு ஈஈஜி எடுக்க வேண்டும், தற்கொலை எண்ணம் உண்டு, தனி செல் கூடாது. அது நீதிமன்றக் கோப்புக்குள் போய்விடும். மேல்முறையீடு முடிய ஆண்டுகள் ஆகும். சிறை மருத்துவருக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது. அந்த ஒரு பக்கத்தை மட்டும், கைதியின் சம்மதத்தோடு, அறிக்கையின் மற்ற பகுதிகள் இல்லாமல், அன்றைக்கே சிறை மருத்துவமனையில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும்.